தொப்பிக்குள் இருந்த தாள்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் கதையின் நடுவில் எங்காவது நான் நல்லவனாகிவிடுவேன். என் டைரியில் அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது.

லாஸ்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் சினிமா வட்டம் கூடும். பிளஸ் டூ பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைச் சுவரில் படம் பார்த்துவிட்டு, விவாதிப்போம். கடைசியில் முக்கியமான பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்லில் தீர்ப்பு. கைதூக்கி ஓட்டெடுத்து, அந்தச் சொல்லை ஒரு தடித்த நோட்டில் ஏற்றுவோம். நோட்டின் முதல் பக்கத்தில் விதிகள் இருக்கின்றன. பேசுகிறவர் நீல ஸ்டூலில் உட்கார்ந்து பேச வேண்டும். தீர்ப்பு பிடிக்காதவர் அடுத்த ஞாயிறு மேல்முறையீடு செய்யலாம்; ஆனால் சாட்சி படத்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும். மேல்முறையீடு வென்றால் ஒழிய, எழுதியதை அடிக்கக் கூடாது.

நான்கு வருடத்தில் பதினொரு மேல்முறையீடுகள். ஒன்றும் வென்றதில்லை. நோட்டில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது.

நோட்டு எழுதுவது நான். பகலில் தவளக்குப்பத்தில் டைல்ஸ் கடை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு, வகுப்பு முடிந்து நேரம் குறித்து ஒரு டைரி. கையெழுத்து நன்றாக இருக்கும். அதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, வட்டத்தில் எல்லாரும் என்னை 'நோட்டு' என்றே கூப்பிடுகிறார்கள்.

2

தொடக்கங்கள்.

'மழை விட்டிருந்தது. தார்ச்சாலையில் ஒரு சிவப்புத் தொப்பி மல்லாந்து கிடந்தது.'

அடித்துவிட்டேன். இது என் கதை அல்ல, நாங்கள் பார்த்த படத்தின் கடைசிக் காட்சி.

'துர்காவுக்கு இருபத்து மூன்று வயது. அவள் கண்களில்'

பாதியில் நிற்கட்டும். அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

'காவல்துறையில் ஊழல் என்பது'

வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்கத் தகுதியுள்ளவர்கள் என்னைப் போல மாலை வகுப்புக்கு வருவதில்லை.

'துர்கா கையைத் தூக்கவில்லை.'

இது நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்தேன். இனி முடிந்தவரை அவள் பக்கமே இருந்து எழுதுகிறேன். அவள் மனசுக்குள் போக வேண்டிய இடங்களில் அவள் பிறகு சொன்னதைத்தான் நம்புகிறேன். சொல்லாததைச் சேர்த்தால் அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்கிறேன்.

3

துர்கா கையைத் தூக்கவில்லை. இருபத்தொரு பேரில் பத்தொன்பது கைகள் உயர்ந்திருந்தன. ஓட்டு எண்ணுகிறவன் ஓட்டுப் போடக் கூடாது என்பதால் என் கை கீழே இருந்தது. அவள் கை கடைசி பெஞ்சில், மடியில், துப்பட்டாவின் முனையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று பார்த்த படம் 'ஈரத்தார்'. தியேட்டரில் ஐந்து வாரம் ஓடி, விருது வாங்கி, பிறகு போனுக்கு வந்த படம். கடலோர ஊர் ஒன்றில், விடாத மழையில், லாக்கப்பில் ஒரு மீனவ இளைஞன் செத்துப்போகிறான். அவனை உயிரோடு கொண்டுவந்ததாக ஸ்டேஷன் நாட்குறிப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. 'அந்தப் பக்கம் இருக்கக் கூடாது' என்கிறார் இன்ஸ்பெக்டர். எல்லாம் பார்த்த ஒரே சாட்சி, பாரா நின்ற கான்ஸ்டபிள் சக்கரபாணி. இன்ஸ்பெக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து எரிக்கச் சொல்லி, கையில் எதையோ திணிக்கிறார். வெளியே வந்த சக்கரபாணி தன் சிவப்புத் தொப்பியைக்* கழற்றி, மடித்த எதையோ உள்பட்டைக்குள் செருகி, மறுபடி மாட்டிக்கொள்கிறார். ஆஷ்ட்ரேயில் ஒரு தாள் எரிகிறது. காலையில் நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இல்லை. கடைசியில் ஈரச் சாலையில் காலித் தொப்பி. படம் முடிகிறது.

(* எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் தலையில் இருக்கும் அதே தொப்பிதான். பிரெஞ்சுக்காரன் கப்பலேறும்போது எடுத்துப்போக மறந்தது. ஊரில் 'கெப்பி' என்போம்.)

விவாதம் வழக்கம்போல வெளிச்சத்தில் தொடங்கியது. யூடியூபில் விமர்சனச் சேனல் நடத்தும் கோபிநாத்துக்குப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"லைட்டிங்கப் பாத்தீங்களா? ஒருத்தன் மூஞ்சிகூட முழுசா தெரியாது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு. மனுசன்னா அப்டித்தான்னு சொல்றாரு டைரக்டரு."

"கரண்ட்டு கட்டான அன்னிக்கு எடுத்திருப்பாங்கண்ணா," என்றது நடு பெஞ்சு.

"உன்ன மாரி ஆளுங்களாலதான்டா நல்ல படம் ஓட மாட்டுது."

வட்டத்தை நடத்தும் சிவசங்கரி அக்கா, டியூஷன் சென்டரும் அவருடையதுதான், கையை உயர்த்தி அடக்கினார். "எனக்கு இன்ஸ்பெக்டரு கத்தறப்ப பயமா இல்ல. டீய ஆத்தி ஆத்தி, பொறுமையா குடிக்கறான் பாரு, அப்பதான் பயம் வந்துச்சி."

இன்ஸ்பெக்டருக்கு 'பொறுமைசாலி' என்று தீர்ப்பு வந்தது. எல்லாரும் ரசித்தார்கள். அடுத்து சக்கரபாணி. 'கோழை' என்றார் ஒருவர். 'பாவம்' என்றார் இன்னொருவர். "வாங்கனான்ல? வாங்கித் தொப்பிக்குள்ள சொருவனான்ல? அதுக்கு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா," என்றார் கோபிநாத். யாருக்கும் சொல் வரவில்லை.

இங்கேதான் அந்தத் தவறு. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "விலைபோனவன்?" என்றேன்.

"யப்பா! நோட்டு பேசிச்சு!" என்று கைதட்டினார்கள். பத்தொன்பது கைகள். நான் அதை அழகாக எழுதினேன். 'லை'யின் கொம்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீட்டினேன்கூட. [இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் டைரியில் அன்று, 7.20 மணிக்கு நேராக, 'நல்ல நாள்' என்று இருக்கிறது.]

கூட்டம் கலைந்த பின் துர்கா மேசையருகே வந்து நின்றாள்.

"மேல்முறையீட்டுக்குப் பேரு எழுதணும்ங்க."

"எந்தப் பாத்திரத்துக்கு?"

"நீங்க கடைசியா எழுதினீங்களே, அதுக்கு."

4

அவள் வீட்டுக்கு நான் போனதில்லை. ஆகவே இந்தப் பகுதி சந்தேகத்துக்குரியது.

துர்கா உழவர்கரையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அப்பா முருகையன் கான்ஸ்டபிள். இருபத்தெட்டு வருடச் சர்வீஸ். 'ஈரத்தார்' தியேட்டரில் ஓடத் தொடங்கிய வாரத்தில் ஊர் முழுக்க ஒரு கேலி கிளம்பியது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு அவர் நடக்கும்போது, எதிர் வீட்டு அஞ்சலாட்சி தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா முருகையா, தொப்பி கனமா கீதா?"

அஞ்சலாட்சிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பால் வாங்கப் போன இடத்தில் கிடைத்த வசனம். அவர் சிரித்தார். மறுநாள் டீக்கடையில் கேட்டார்கள். மூன்றாம் நாள் பஸ் கண்டக்டர். எல்லாருக்கும் அவர் சிரித்தார். நான்காம் நாள் தொப்பியை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக் கையில் பிடித்தபடி வெறுந்தலையாய்க் கிளம்பினார்.

"இன்னாப்பா, பையில போட்டுக்கினு போறீங்க?" என்று கேட்டாள் துர்கா.

"வேர்க்குது."

மார்கழி மாதம் அது.

(இதுவரை அவள் சொன்னது.)

படத்தைப் பார்க்கலாம் வாங்கப்பா என்று அவள் ஒருமுறை கூப்பிட்டாள். "அதெல்லாம் எவன் பாப்பான்" என்றுவிட்டார். மேல்முறையீட்டு ஞாயிறு காலை, தொப்பியைத் துடைத்துவைக்க எடுத்தாள். அது வாரா வாரம் அவள் வேலை. தொப்பி அவருக்குக் கொஞ்சம் தளர்த்தி. உள்பட்டைக்குள் செய்தித்தாளை மடித்துச் செருகியிருப்பார். அதோடு என்னென்னவோ இருக்கும். பஸ் டிக்கெட், லீவு லெட்டர், அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டு. எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, அதே வரிசையில் திரும்ப வைப்பாள். அன்று செய்தித்தாளுக்குப் பின்னால் புதிதாக ஒன்று இருந்தது. பாதி கிழித்த சினிமா டிக்கெட். ஈரத்தார். இரண்டாம் வாரம், பகல் காட்சி, ஓர் ஆள்.

(அவள் அழுதாளா என்று நான் கேட்டேன். "இல்லங்க" என்றாள். முதல் வரைவில் அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

அவர் தனியாகப் போயிருக்கிறார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் விசிலடித்து சக்கரபாணியைத் திட்டும் கூட்டத்துக்கு நடுவில், கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார். வெளியே வந்து, யாரிடமும் சொல்லாமல், டிக்கெட்டைத் தொப்பிக்குள் வைத்திருக்கிறார்.

துர்கா எல்லாவற்றையும் திரும்ப வைத்தாள். டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, ட்யூட்டி முடிஞ்சி வரப்ப லாஸ்பேட்டைல எறங்கி என்ன கூட்டிக்கினு போறீங்களா? ஆறு மணிக்கு."

5

5.10. துர்கா நீல ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூலின் ஒரு கால் குட்டை. யார் உட்கார்ந்தாலும் 'டக்' என்று ஆடும். மூன்று நிமிடத்தில் அது பத்து முறை ஆடியது.

"லஞ்சப் பணத்த யாரும் தொப்பிக்குள்ள வெக்க மாட்டாங்க," என்றாள். "ஸ்டேஷனுக்குள்ள போனா தொப்பியக் கழட்டி மேசமேல மல்லாத்தி வெக்கணும். போறவங்க வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க. எங்கப்பா—"

"அக்கா, அப்ஜெக்சன்!" கோபிநாத் எழுந்தார். "வெளி சாட்சி. படத்துக்குள்ள இருக்கறதச் சொல்லச் சொல்லுங்க."

சிவசங்கரி அக்காவுக்கு மனசில்லை. ஆனால் விதி விதிதான். "ஆமாம்மா. அப்பாவ வுட்டுட்டுச் சொல்லு."

டக்.

[இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தேன். கையில் எதையோ மடித்துப் பிடித்திருந்தாள். அது டிக்கெட் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதை நீட்டியிருந்தால் அறை முழுக்க உருகியிருக்கும். வெளி சாட்சி என்று மேல்முறையீடு தோற்றிருக்கும்.]

அவள் டிக்கெட்டைக் கைப்பைக்குள் போட்டாள்.

"சரிங்க. படத்துலயே காட்றேன். இருவத்திரெண்டாவது நிமிசம் போடுங்க."

லேப்டாப் கோபிநாத்திடம்தான் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர் கையாலேயே சாட்சியை ஓட்ட வேண்டிய நிலை. சுவரில் ஸ்டேஷன் எழுத்தர் அறை வந்தது. மேசைமேல் மூன்று சிவப்புத் தொப்பிகள், மூன்றும் மல்லாந்து.

"பாருங்க. அவங்க ஸ்டேஷன்லயும் அப்டித்தான். இப்ப முப்பத்தொண்ணு."

சக்கரபாணி மழைக்கு ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றி, உள்ளிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் செருகுகிறார். நாங்கள் எல்லாரும் பார்த்த காட்சி. யாரும் பார்க்காத காட்சி.

"தொலையக் கூடாத தாள வெக்கற எடம் அது. பணம் வெக்கற எடம் இல்ல. இப்ப அந்த சீனப் போடுங்க. ரூம விட்டு வெளிய வர்ற சீனு."

"அப்போ அது இன்னான்ற?" என்றது நடு பெஞ்சு.

"நாட்குறிப்புல காணாமப்போன பக்கம்."

அறை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆசைப்பட்ட குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது. "அதான் ஆஷ்ட்ரேல எரிஞ்சிபோச்சேம்மா!"

"போன்ல பாத்தேங்க. மடிச்ச தாள்ல செவப்பா ஒரு கோடு மாரி தெரிஞ்சிது. நாட்குறிப்புலயும் ஓரத்துல செவப்புக் கோடு இருக்குது. ஆனா..." அவள் குரல் இறங்கியது. "உறுதியா தெரியலங்க. சின்ன போனு. தொப்பியோட நெழலாவும் இருக்கலாம். பெருசாப் பாத்தாதான் தெரியும்."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வழக்காடுகிறவர் யாரும் சொல்ல மாட்டார். எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது இந்த வரியில்தான்.

கோபிநாத் காட்சியை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளினார். சக்கரபாணியின் கை. தொப்பி. மடித்த தாளின் விளிம்பு. அதன்மேல் ஒரு சிவப்பு இழை.

"நெழல்," என்றார் கோபிநாத். "துணி செவப்பு, பேப்பர்ல அடிக்குது. சாதாரண வெசயம்."

யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.  துர்காவின் ஸ்டூல் ஆடவில்லை.

கோபிநாத் லேப்டாப்பை மூடப்போனார். மூடாமல், ஒரு பழக்கத்தில், இன்னும் இரண்டு ஃபிரேம் பின்னால் தள்ளினார். தாள் இன்னும் தொப்பிக்கு வரவில்லை. காற்றில், விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. பக்கத்தில் சிவப்பாக எதுவுமே இல்லை.

"இரு," என்றார். "இரு இரு இரு."

சிவப்புக் கோடு இருந்தது. நேர்க்கோடு. மடிப்பில் உடைந்து மறுபக்கம் தொடர்ந்தது.

கோபிநாத் யாரையும் கேட்காமல் முன்னால் ஓட்டினார். ஆஷ்ட்ரே. எரியும் தாள். நிறுத்தினார். நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தார். வெறும் வெள்ளைத் தாள். கோடே இல்லை. பிறகு கடைசிக் காட்சி: ஈரச் சாலை, மல்லாந்த தொப்பி. உள்பட்டைக்குள் ஒன்றுமில்லை.

அவர் லேப்டாப்பை விட்டு எழுந்து, சுவருக்கு முன் போய் நின்றார். படம் அவர் முதுகில் விழுந்தது.

"எடுத்துக்கினு போய்ட்டான்யா," என்றார். "வெத்துத் தாள எரிய வுட்டுட்டு, ஒரிஜினல எடுத்துக்கினு போய்ட்டான்! தொப்பிய வுட்டுட்டான், தாள வுடல! யோவ், நாலு வீடியோ போட்டேன்யா இந்தப் படத்துக்கு! நாலு! ஒண்ணுலகூட..." அவருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திரும்பி துர்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே!"

அதற்குப் பிறகு நான்கு நிமிடத்துக்கு என் குறிப்பில் ஒன்றும் இல்லை. பெஞ்சைத் தட்டினார்கள். விசிலடித்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து வாட்ச்மேன் இன்னா ஏது என்று ஓடிவந்தார், அவரையும் உட்காரவைத்துக் காட்டினார்கள், அவரும் விசிலடித்தார்.

6

ஒரு சங்கடத்தையும் எழுதியாக வேண்டும்.

சத்தம் அடங்கியதும் நடு பெஞ்சு கேட்டது: "அது சரி. இன்ஸ்பெக்டரு கையில திணிச்சாரே, அது? பணத்தையும் வாங்கனாருதான?"

அந்தக் காட்சியில் சக்கரபாணியின் வலது கை ஃபிரேமுக்கு வெளியே போகிறது. எத்தனை பெரிதாக்கினாலும் வெளியேதான்.

துர்கா சுவரில் நின்ற ஃபிரேமைப் பார்த்தாள். "வாங்கியிருப்பாருங்க. வாங்காம அந்த ரூம வுட்டு வெளிய வந்திருக்க முடியுமா? இல்ல, வாங்கலியோ என்னமோ. தெரியலங்க. அவரு உத்தமருன்னு நான் சொல்லல. நீங்க எழுதின வார்த்த தப்புன்னு மட்டும்தான் சொல்றேன்."

சிவசங்கரி அக்கா ஓட்டுக் கேட்டார். நான் எண்ணினேன். இருபது. பிறகு இருபத்தொன்றாவதாக ஒரு கை தெரிந்தது, வாட்ச்மேனுடையது. இருபத்திரண்டாவது என்னுடையது. ஓட்டு எண்ணுகிறவன் ஓட்டுப் போடக் கூடாது. யாரும் கேட்கவில்லை.

"அடி, நோட்டு," என்றார் அக்கா.

பேனாவைத் திறந்தேன். பிறகு துர்காவிடம் நீட்டினேன்.

அவள் அந்தச் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். அழுத்தி, நேராக. நான் நீட்டி வைத்திருந்த கொம்பு நடுவில் அறுபட்டது. நான்கு வருட நோட்டில் முதல் அடித்தல். அதைச் சுற்றி நின்று எல்லாரும் போனில் படமெடுத்தார்கள்.

"வேற இன்னா எழுதலாம்?" என்றார் கோபிநாத். "வீரன்?"

"வேணாங்கண்ணா," என்றாள் துர்கா. "காலியா இருக்கட்டும்."

7

முடிவுகள்.

(அ) 5.58. துர்கா மாடிப்படி இறங்கி ஓடுகிறாள். கீழே முருகையன் தலையில் தொப்பியோடு கம்பீரமாக நிற்கிறார்.

பொய். அவர் வெறுந்தலையாய், மஞ்சள் பையோடு, ஒரு ஸ்கூட்டர் சீட்டில் பாதி சாய்ந்து நின்றார். மேலே கேட்ட விசிலைத் தெருச் சண்டை என்று நினைத்திருந்தார்.

(ஆ) எல்லாரும் கீழே இறங்கி வந்து அவருக்கு மாலை போட்டு

மாலைக்கு எங்கே போவது? அடித்துவிட்டேன். இறங்கப்போனவர்களையும் சிவசங்கரி அக்கா தடுத்துவிட்டார். "அவ போவட்டும். நீங்க பெஞ்ச நேராப் போடுங்க."

(இ) நான் பால்கனியிலிருந்து பார்த்தது.

துர்கா அவர் முன்னால் போய் நின்று நீளமாக எதையோ சொன்னாள். கைகளால் ஒரு தாளை மடித்தாள், செருகினாள், எரித்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு கட்டத்தில் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பால்கனியில் என் பக்கத்தில் நின்ற கோபிநாத், சல்யூட் வைத்தார். வைக்கத் தெரியாமல், இடது கையால். முருகையன் சிரித்துவிட்டார். இந்தச் சிரிப்பு அஞ்சலாட்சிக்குச் சிரித்ததல்ல என்று எனக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பிறகு துர்கா கைப்பையைத் திறந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது. அவள் மஞ்சள் பைக்குள் கைவிட்டுத் தொப்பியை எடுத்தாள். டிக்கெட்டை உள்பட்டைக்குள், செய்தித்தாளுக்குப் பின்னால், அது இருந்த இடத்திலேயே செருகினாள். தொப்பியை இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினாள்.

அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துதான் போக வேண்டும். வழியில் நாலு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை. எல்லாக் கடையிலும் ஆட்கள்.

அவர் கை நீண்டதுவரை பார்த்தேன். அதற்கு மேல் பார்க்காமல் உள்ளே திரும்பி, பெஞ்சை நேராகப் போடப் போனேன். ஒருமுறை அவசரப்பட்டு ஓர் ஆளுக்கு ஒரு சொல் எழுதியவன் நான். அடுத்ததையும் நானே எழுதக் கூடாது என்று பட்டது. இதைத் தயக்கம் என்று நினைக்காதீர்கள். அன்று டைரியில் 6.05க்கு நேராக எழுதியிருக்கிறேன்: 'நல்ல நாள்.' இதை அடிக்கமாட்டேன்.

நோட்டில் சக்கரபாணியின் பெயருக்கு எதிரே, அடித்த சொல்லுக்குப் பக்கத்தில், இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இந்தப் பக்கத்திலும் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அவர் தொப்பியை வாங்கி என்ன செய்தார், அந்த நாலு டீக்கடையை எப்படித் தாண்டினார் என்பதை நீங்கள் எழுதுங்கள். மையால் எழுதுங்கள். தப்பாக இருந்தால் யாராவது ஒருவர் அடுத்த ஞாயிறு வந்து ஸ்டூலில் உட்காருவார்.

முருகையன் ______________________________